கார்டு ஐயாவுக்குக் கடைந்த பிரையர் பைப்

நகரியில் எனக்கு ஒரு சின்ன கடைசல் பட்டறை. கட்டில் கால், பூரிக்கட்டை, பவர்லூம்காரர்கள் கேட்கும் மர உருளை, இவைதான் அன்றாட வேலை. இப்போது செய்து முடித்திருப்பது அந்தக் கணக்கில் சேராத ஒன்று: புகையிலை பிடிக்கும் பிரையர் பைப். ஏகாம்பரகுப்பத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவருக்காகச் செய்தேன். அரக்கோணம் ரேணிகுண்டா பாதையில் சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் போய்வந்த நாளிலிருந்து அவருக்கு இந்தப் பழக்கம். வைத்திருந்த ஒரே பைப்பின் தண்டு விரிந்துபோய் என்னிடம் கொண்டுவந்தார். அதைச் சரிசெய்ய உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். அப்போது கண்ணில் பட்டதுதான் புதிதாக ஒன்று கடைய வைத்தது. அளவுகளோடு எழுதி வைக்கிறேன். லேத் வைத்திருக்கிற யாருக்காவது உதவும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புகையிலை புற்றுநோய் தரும், பைப்பில் போட்டாலும் தரும். நான் பிடிப்பதில்லை. யாரும் பிடிக்க வேண்டும் என்றும் எழுதவில்லை. எனக்கு ஈடுபாடு அந்த மரத்தின் மேலும் அதற்குள் போடும் துளையின் மேலும்.

பழைய பைப்பில் பார்த்தது

விரிசல், வாய்க்குழலைச் செருகும் இடத்தில் தொடங்கி, புகையிலை போடும் கிண்ணத்தை நோக்கி ஓடியிருந்தது. பைப் சூடாக இருக்கும்போதே குழலைத் திருகி உருவினால் இப்படி ஆகும். புகையின் ஈரத்தாலும் சூட்டாலும் உள்ளே உப்பியிருக்கும் மரம் அந்த நேரத்தில் இழுப்பைத் தாங்காது. ஐயாவிடம் கேட்டேன், "பிடிச்சு முடிச்ச உடனே கழட்டித் துடைப்பேன் தம்பி, சுத்தமா இருக்கணும்ல" என்றார். ஆறின பிறகு துடைத்தால் போதும்.

வேலை சுருக்கம்தான். ஸ்பிரிட்டில் துடைத்து, விரிசல் முடியும் நுனியில் ஒரு மில்லிக்கும் குறைவான துளை போட்டேன். அது இல்லாவிட்டால் விரிசல் மேலும் ஓடும். நீர்த்த சூப்பர் குளூவை விரிசலில் ஓடவிட்டு, இறுக்கிக் கட்டி வைத்தேன். புத்தூர் பத்தர் ஒருவர் தண்டின் அளவுக்கு வெள்ளி வளையம் செய்து கொடுத்தார். அதை அழுத்தி ஏற்றியதும் தண்டு மறுபடி விரிய வழியில்லை.

டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது இதுதான். புகை போகும் துளை கிண்ணத்தின் அடியில் திறக்கவில்லை. அடித்தளத்துக்கு மூன்று மில்லி மேலே, நடுவிலிருந்து ஒருபக்கமாக ஒதுங்கித் திறந்திருந்தது. காற்று அந்தத் துளை வரைக்கும்தான் இழுபடும். அதற்குக் கீழே இருக்கிற புகையிலைக்கு நெருப்பு இறங்காது, ஈரம் மட்டும் இறங்கித் தேங்கும்.

"அடியில கடைசி கொஞ்சம் எப்பவும் எரியாது, நசநசன்னு இருக்கும். அது அந்தப் பைப்போட குணம்" என்றார் ஐயா.

"குணம் இல்லீங்க ஐயா, துளை விழுந்த இடம் சரியில்ல" என்றேன்.

இத்தனை வருஷம் ஒரு மனிதர் அந்த நசநசப்போடு காலம் தள்ளியிருக்கிறார். வெளியே பார்த்தால் பளபளப்பான, வடிவான பைப். பைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் மரத்தின் ரேகையைப் பற்றியும் வளைவைப் பற்றியும்தான் எழுதுகிறார்கள். பிடிக்கிறவருக்கு வந்து சேர்வது துளை. கிண்ணத்தின் அடியிலிருந்து உதடு வரைக்கும் காற்று தடைபடாமல், சுழலாமல், தேங்காமல் போக வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வேலை முழுக்க அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு செய்தேன்.

இரண்டாவது பைப் வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரையர் பைப்பைத் தினமும் பிடிக்கக் கூடாது. ஒருமுறை பிடித்தால் மரம் குடித்த ஈரம் வெளியேற ஒரு முழு நாளாவது ஓய்வு வேண்டும். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் பிடித்தால் மரம் புளித்துப்போகும்.

கட்டை

பிரையர் என்பது எரிக்கா ஆர்போரியா என்ற புதர்ச்செடி. மத்தியதரைக் கடலைச் சுற்றி, இத்தாலி, கிரீஸ், கோர்சிகா, ஸ்பெயின், அல்ஜீரியா பக்கம் வளர்வது. அதன் தண்டோ வேரோ பைப்புக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில், மண் மட்டத்தில் முண்டாகத் திரளும் கிழங்குதான் வேண்டும். செடி அதில் தண்ணீர் சேர்த்து வைக்கும். காட்டுத்தீயில் மேலே உள்ளதெல்லாம் கருகினாலும் அந்த முண்டிலிருந்துதான் மறுபடி துளிர்க்கும். நெருப்பைத் தாங்கும் தன்மை அதற்குப் பிறவியிலேயே இருக்கிறது. பைப் அளவுக்கு முண்டு பெருக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும்.

தோண்டியெடுத்த முண்டை அப்படியே கடைய முடியாது. காயவிட்டால் வெடிக்கும். ஈரத்தோடு வைத்திருந்து அறுத்து, கொப்பரையில் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, துவர்ப்புச் சத்தை இறக்குகிறார்கள். அப்புறம் நிழலில் மாதக்கணக்கில், சில இடங்களில் வருஷக்கணக்கில் ஆறப்போடுகிறார்கள். துவர்ப்பு மிச்சமிருந்தால் புகையில் கசப்பு வரும். இந்த மரத்தில் பைப் செய்வது பெரிய தொழிலாக எழுந்தது பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள செயின்ட் குளோட் ஊரில், 1850களில். அதற்கு முன் பெரும்பாலும் களிமண்ணும் துருக்கியிலிருந்து வரும் மீர்ஷாம் என்ற வெண்கல்லும்தான். களிமண் கையைச் சுடும், கீழே விழுந்தால் உடையும். பிரையர் கனம் குறைவு, கையைச் சுடாது, தீயில் எளிதில் கருகாது. அது ஐரோப்பா முழுக்கப் பரவியதில் ஆச்சரியம் இல்லை.

பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி, "செம்மரத்துல செய்யக் கூடாதா?" என்பது. சேஷாசலம் மலையடிவாரத்து ஜனங்களுக்கு உசத்தியான மரம் என்றால் செம்மரம்தான். அனுமதி இல்லாமல் அதைத் தொடுவது குற்றம். உலக அளவிலும் அதன் வணிகம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சட்டத்தை விட்டுவிட்டு மரத்தை மட்டும் பார்த்தாலும் இந்த வேலைக்கு அது வேண்டாம். செம்மரத்தின் சிவப்பே சாந்தலின் என்ற சாயம். ஸ்பிரிட் பட்டால் இறங்கிவிடும். நெருப்பையும் எச்சில் ஈரத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டிய இடத்தில் சாயம் கசியும் மரத்தை நான் வைக்க மாட்டேன். செர்ரி, பேரி, ஆலிவ் மரங்களில் பைப் செய்கிறவர்கள் உண்டு. பிரையர் அளவுக்கு அவை சூட்டைத் தாங்குவதில்லை.

இத்தாலியில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் ஊருக்கு வந்தபோது கட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தான். முண்டின் உட்பக்கத்தில் அறுத்தது ஒரு வகை. அதில் ரேகை கலந்து ஓடும், விலை குறைவு. வெளிப்பக்கத்தில், பட்டையின் சொரசொரப்போடு அறுத்தது இன்னொரு வகை. அதில் ரேகை நடுவிலிருந்து பட்டையை நோக்கி நேராகப் போகும். நான் எடுத்தது இரண்டாவது. பட்டையுள்ள முகம் கிண்ணத்தின் ஒரு கன்னப்பக்கம் வரும்படி வைத்தால் முன்னும் பின்னும் நேர்ரேகையும் இரண்டு கன்னத்திலும் கேழ்வரகு தூவினாற்போன்ற கண்ரேகையும் வரும். நீளவாட்டில் பார்த்தால் கோடாகத் தெரிகிற அதே நார்தான் குறுக்குவெட்டில் புள்ளியாகத் தெரிகிறது.

கட்டை வந்த உடனே கை வைக்கவில்லை. நகைக்கடைத் தராசில் நிறுத்து எடையைப் பென்சிலால் கட்டையின் மேலேயே எழுதி, பட்டறையின் நிழல் மூலையில் வைத்தேன். அவ்வப்போது நிறுப்பேன். எங்கள் ஊர் வெயில்காலக் காற்றில் எடை இறங்கிக்கொண்டே போகும். இறங்குவது நின்றால்தான் மரம் இந்த ஊர்க் காற்றுக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன் துளை போட்டால் வட்டம் பிறகு முட்டை வடிவமாகிவிடும், வாய்க்குழல் ஆடும்.

துளை

பைப் செய்கிறவர்களில் இரண்டு வழி உண்டு. ஒன்று, முதலில் துளையிட்டு அதைச் சுற்றி வடிவம் எடுப்பது. இன்னொன்று, முதலில் வடிவம் எடுத்துவிட்டுப் பிறகு துளையிடுவது. இரண்டாவதைப் பெரிய கலையாக்கியவர் சிக்ஸ்டன் இவார்சன். ஸ்வீடன்காரர், கோபன்ஹேகனில் பைப் பழுதுபார்க்கும் வேலையில் தொடங்கியவர். ரேகை எப்படி ஓடுகிறதோ அப்படி உருவத்தை எடுத்து, கடைசியில் அந்த உருவத்துக்கேற்ற துளையைக் கண்டுபிடித்துப் போடுவார். டேனிஷ் பைப்புகளின் வளைவும் நெளிவும் அங்கிருந்து வந்தவை. அதற்கு அவருடைய கண் வேண்டும். லேத்தில் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் நாலு தாடை 'சக்'கை வைத்துக்கொண்டு வேலை செய்கிற எனக்கு முதல் வழிதான் சரி. புகைத் துளை, குழல் செருகும் குழி, கிண்ணம் என்ற துளை மூன்றும் அளவாக விழுந்துவிட்டால் அப்புறம் அரம் பிடிக்கும்போது மனசு நிம்மதியாக இருக்கும்.

கட்டையின் இரண்டு பக்க முகத்தையும் ஒன்றுக்கொன்று இணையாக இழைத்தேன். இரண்டு முகத்திலும் ஒரே படத்தை வரைந்தேன்: கிண்ணத்தின் நடுக்கோடு, தண்டின் நடுக்கோடு, இரண்டும் சந்திக்கும் புள்ளி. ஐயாவுக்குப் பல்செட். நேர்ப்பைப் வாயில் முன்பாரம் கொடுக்கும். அதனால் லேசான வளைவு, தண்டு கொஞ்சம் மேல்நோக்கி ஏறுவதாக, கிண்ணத்துக்கும் தண்டுக்கும் நடுவே 90க்குப் பதில் சுமார் 80 பாகை வைத்தேன். அந்த இரண்டு கோடும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், கிண்ணத்தின் அடியில் நடுப்புள்ளியில் சந்திக்க வேண்டும். பழைய பைப்பில் தவறியது இந்த இரண்டும்தான்.

முதலில் தண்டுப்பக்கம். நாலு தாடையும் தனித்தனியாக நகரும் சக்கில் கட்டையைப் பிடித்து, தண்டின் நடுக்கோடு, லேத்தின் எதிர்முனையில் பிட்டைப் பிடித்திருக்கும் டெயில்ஸ்டாக்கின் முனைக்கு நேர் வரும்வரை ஒவ்வொரு தாடையாக நகர்த்தினேன். இதில் அவசரமே கூடாது. குட்டையான சென்டர் டிரில்லால் குழி போட்டு, அதற்குப் பின் 4 மில்லி நீள பிட். நீள பிட்டைக் குழியில்லாமல் விட்டால் ரேகையைப் பிடித்துக்கொண்டு அதன் போக்கில் போய்விடும். மூன்று நாலு மில்லி உள்ளே போனதும் வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட்டு மறுபடி விட வேண்டும். தூள் மாவாக, இளஞ்சிவப்பு கலந்த பழுப்பில் வரும். கருகல் வாசம் வந்தால் பிட் மழுங்கிவிட்டது என்று பொருள். நிறுத்திவிட்டுச் சாணை பிடிக்க வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதை பிட்டில் டேப் சுற்றிக் குறித்திருந்தேன். கிண்ணத்தின் நடுப்புள்ளிக்கு வந்ததும் நிற்க வேண்டும். தாண்டிப் போனால் எதிர்ச்சுவரில் பள்ளம் விழும்.

சக்கை அசைக்காமலே, அதே மையத்தில் குழல் செருகும் குழி: 8 மில்லி அகலம், 20 மில்லி ஆழம். சாதாரண பிட்டின் நுனி கூம்பாக இருப்பதால் குழியின் அடியும் கூம்பாகும். குழலின் நுனியோ தட்டை. இரண்டுக்கும் நடுவே வெற்றிடம் மிஞ்சும். சூடான புகை நாலு மில்லி துளையிலிருந்து திடீரென்று எட்டு மில்லி அகலத்துக்குள் வந்தால் விரியும், குளிரும், தண்ணீராகும். பைப் குடிக்கும்போது 'கொளகொள' என்று சத்தம் வருகிறதே, அது பெரும்பாலும் இந்த இடத்தில் தேங்கின தண்ணீர்தான். அதனால் ஒரு 8 மில்லி பிட்டின் நுனியைச் சாணையில் தட்டையாக்கி, அதை வைத்துக் குழியின் அடியைச் சமமாக்கினேன். செருகும்போது அரை மில்லிக்கும் குறைவான இடைவெளிதான் இருக்க வேண்டும். முழுக்க முட்டவும் கூடாது, மரம் உப்பும்போது குழலை வெளியே தள்ளும்.

கிண்ணத்துக்கு 20 மில்லி தட்டை பிட். மரவேலைக்குக் கடையில் கிடைக்கும் சாதாரணத் தட்டை பிட்தான். அதன் முனையை யு வடிவில் அரைத்து, இரண்டு விளிம்பிலும் வெட்டுச்சரிவு கொடுத்தேன். கிண்ணத்தின் அடி உருண்டையாக இருந்தால்தான் புகையிலை கடைசிவரை நடுவை நோக்கி இறங்கும். கட்டையைச் சக்கில் 80 பாகை திருப்பிப் பிடித்து, லேத்தை மெதுவாக ஓடவிட்டு இறக்கினேன். முப்பத்தைந்து மில்லி தாண்டியதிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் லேத்தை நிறுத்திப் பார்ப்பேன். தண்டுத் துளையின் வழியாக டார்ச் அடித்து, கிண்ணத்துக்குள் கண்ணை வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு அடியில் ஊசிமுனை அளவு வெளிச்சம். இன்னும் கொஞ்சம் இறக்கினால் அது நீள்வட்டமாகும். அந்த நீள்வட்டத்தின் கீழ்விளிம்பும் கிண்ணத்தின் அடியும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே கால் மில்லி போனாலும் அங்கே ஈரம் குடியேறும். ஆழம் 40 மில்லியில் நின்றது. தண்டின் வழியாக விட்ட பைப் கிளீனர் எங்கும் இடறாமல் கிண்ணத்தின் அடியில் நடுவில் வந்து எட்டிப் பார்த்தது. இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் அதுதான்.

வடிவமும் மணற்குழியும்

பழைய ஆங்கில வடிவங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பில்லியர்டு என்ற வடிவத்தில் கிண்ணத்தின் உயரமும் தண்டின் நீளமும் ஏறக்குறைய ஒன்று. அந்தக் கணக்குக்கு வந்த பைப்பைப் பார்த்தால் கண் எங்கும் இடறாது. நான் நினைத்தது ஆப்பிள் வடிவம், கீழ்வயிறு உருண்டையாக. அதற்கேற்ப ரம்பத்தால் மூலைகளை அறுத்து, கிண்ணத்தின் மேல்பாதியை லேத்திலேயே கடைந்து, மீதியை அரத்தால் எடுக்கத் தொடங்கினேன். கிண்ணமும் தண்டும் சேரும் மூலைதான் சிரமமான இடம். லேத் எட்டாது. எலிவால் அரம் பிடித்து மெதுவாக உருட்டிக்கொண்டே போக வேண்டும். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முன்னிருந்தும் பார்த்தால் கோடு உடையக் கூடாது.

இடது கன்னத்தின் கீழ்ப்பகுதியில் மணற்குழி வந்தது. மரம் வளரும்போது கல்லையோ மண்ணையோ உள்ளே வைத்து மூடிக்கொண்ட பள்ளம். அறுக்கும்வரை வெளியே தெரியாது. இத்தாலியோ கோர்சிகாவோ, எந்தக் கட்டையிலும் வரும். மெல்லிய ஊசியால் ஆழம் பார்த்தேன், ஒன்றரை மில்லி போல இறங்கியது. சுவர் அந்த இடத்தில் பத்து மில்லி இருந்ததால் பைப்புக்கு ஆபத்து இல்லை, பார்வைக்குத்தான் பிரச்சனை.

பெரும்பாலான விலை குறைந்த பைப்புகளில் இதற்குப் பசை கலந்த மரத்தூளைப் பூசி மறைத்துவிடுவார்கள். சாயம் அதில் ஏறாது, நாள்பட்டால் வெளிறிய பொட்டாக நிற்கும், சூட்டில் சுருங்கி விழவும் விழும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மணல் வீச்சால் மேற்பரப்பையே அரித்துவிடுவது இன்னொரு வழி. லண்டனில் ஆல்பிரட் டன்ஹில் 1917இல் காப்புரிமை எடுத்த முறை. மென்மையான நார் அரிபட்டு, கடின நார் மேடாக நிற்கும். அது குறையை மறைப்பதாக இல்லாமல் ரேகையைத் தொட்டுப் பார்க்க வைக்கும் அழகாக மாறிப்போனது. என்னிடம் அந்த வசதி இல்லை.

அதனால் வடிவத்தை மாற்றினேன். கீழ்வயிற்றை இரண்டு பக்கமும் சமமாக ஒன்றரை மில்லி இழைத்து இறக்கியதும் உருண்டை குறைந்து, கீழே ஒடுங்கும் முட்டை வடிவம் வந்தது. குழி ஊசி குத்தின அளவுக்குச் சுருங்கிவிட்டது, அதை அப்படியே விட்டுவிட்டேன். கண்ரேகை இன்னும் நெருக்கமாகத் தெரிந்தது. எடையும் குறைந்தது, பல்செட்காரருக்கு அது லாபம். இப்போது இதைப் பார்க்கும்போது ஆப்பிளைவிட இதுவே அந்தக் கட்டைக்குரிய வடிவம் என்று படுகிறது.

வாய்க்குழல்

குழலுக்கு எபோனைட். ரப்பரோடு நிறைய கந்தகம் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கியது. அக்ரிலிக்கும் உண்டு, பளபளப்பு மாறாது, ஆனால் பல்லுக்குக் கல்லைக் கடிக்கிற உணர்வு. எபோனைட் மெத்தென்று இருக்கும். நம் பக்கத்தில் இது கிடைப்பதற்குக் காரணம் ஊற்றுப்பேனா. திருவள்ளூரில் எபோனைட் கம்பியைக் கையால் கடைந்து பேனா செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறி அரக்கோணத்தில் மாறினால் திருவள்ளூர் பக்கம்தான். கறுப்புக் கம்பியில் ஒரு துண்டு வாங்கிவந்தேன். கடையும்போது கந்தக நாற்றம் பட்டறை முழுக்க அடிக்கும். தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, மாஸ்க் கட்டாயம். பிரையர் தூளுக்கும் அப்படியே.

செருகும் முனையைக் குழலோடு சேர்த்தே கடையலாம். எபோனைட் அந்த மெல்லிய இடத்தில் முறியக்கூடும் என்பதால், டெல்ரின் என்ற வெள்ளைப் பிளாஸ்டிக் கம்பியை முனையாக வைத்தேன். வழவழப்பான சாமான், எந்தப் பசையும் சுலபத்தில் ஒட்டாது. அதைச் சுற்றி மெல்லிய காடிகள் வெட்டி எப்பாக்ஸி வைத்தால் அந்தக் காடிகளில் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் வருவது துளைக் கணக்கு. 4 மில்லி வட்டத் துளையின் பரப்பு சுமார் 12.6 சதுர மில்லி. வாயில் கடிக்கும் இடத்தில் குழலின் மொத்தக் கனமே 4 மில்லிதான் இருக்க வேண்டும். அங்கே 4 மில்லி துளை எப்படிப் போகும்? துளை தட்டையாகவும் அகலமாகவும் மாற வேண்டும், ஆனால் பரப்பு குறையக் கூடாது. 2 மில்லி உயரமானால் 6.3 மில்லி அகலம். உதட்டருகே 1.2 மில்லி உயரம், 10.5 மில்லி அகலம். பெருக்கினால் எல்லாம் அதே 12.6. இந்தக் கணக்கு எங்கே உடைகிறதோ அங்கே காற்று வேகம் கூடும், சீழ்க்கையடிக்கும், புகை சுடும்.

தொழிற்சாலைக் குழல்களில் பெரும்பாலும் இந்த வேலை இருக்காது. வட்டத் துளை வந்து கடைசியில் ஒரு சின்னக் கீறலில் முடிந்துவிடும். நான் முக்கால் நீளத்துக்கு 4 மில்லியும், மீதிக்கு 1.2 மில்லியும் துளையிட்டு, அந்த 1.2 மில்லித் துளையைப் பத்தரின் கம்பி ரம்பத்தால் இருபுறமும் அகலப்படுத்தினேன். ஊசி அரத்தால் விசிறி வடிவில் விரித்தேன். மேலும் கீழும் 1.4 மில்லி சுவர்தான் மிச்சம், ரம்பம் சாய்ந்தால் பிளந்து வெளியே வந்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பிடித்துச் செய்தேன். உள்ளே இருக்கும் ரம்பத் தழும்பையும் வாட்டர் பேப்பரை மெல்லிய கீற்றாக நறுக்கி உள்ளேவிட்டு இழுத்து எடுத்தேன். யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனால் தார் முதலில் ஒட்டுவது அங்கேதான்.

வளைப்பதற்குச் சட்டியில் உப்பைச் சூடாக்கி, குழலை அதில் புதைத்து வைத்தேன். உள்ளே பைப் கிளீனர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளையும் இடத்தில் துளை அமுங்கும். நூறு டிகிரியைத் தாண்டினால் எபோனைட் இளகும். எடுத்து, மரத்தில் வெட்டி வைத்திருந்த அச்சில் வைத்து அழுத்தி, அப்படியே தண்ணீரில் முக்கினால் வளைவு நின்றுவிடும். பைப்பை மேசைமேல் வைத்துப் பார்க்கும்போது கிண்ணத்தின் வாயும் குழலின் கடைசி அங்குலமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்.

மெருகு

உப்புத்தாள் வேலை நீளமானது, எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. 220இல் தொடங்கி 800 வரை, நடுநடுவே ஈரத்துணியால் துடைத்து நிமிர்ந்த நாரை மறுபடி தேய்த்தேன். ஸ்பிரிட்டில் கரையும் கறுப்புச் சாயத்தை முழுக்கப் பூசி, காய்ந்ததும் தேய்த்து எடுத்தால் கறுப்பு ரேகைக்குள் மட்டும் நிற்கும். அதற்கு மேல் தேன்பழுப்பு. வார்னிஷ் கூடாது, சூட்டில் கொப்புளிக்கும். பிரேசில் பனையோலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகை பஃப் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்தேன். அது எண்பது டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் கையில் ஒட்டாது.

கிண்ணத்தின் உட்புறத்துக்கு ஒரு பூச்சு கொடுத்தேன். மரச்சுவர் நேரடியாக முதல் நெருப்பைச் சந்திக்காமல் இருக்க, பல நாட்டுக் கைவினைஞர்கள் செய்வது மோரில் கரியைக் குழைத்துப் பூசுவது. நமக்கு இது வீட்டுச் சாமான். கொட்டாங்குச்சியிலிருந்து தயாராகும் ஆக்டிவேட்டட் கார்பன் தூளை மெல்லிய துணியில் சலித்து, கெட்டி மோரில் குழைத்து, துளையில் பைப் கிளீனரைச் செருகிவிட்டு விரலால் தடவினேன். காய்ந்ததும் ஒட்டிக்கொண்டது. வாடை எதுவும் நிற்கவில்லை. ஐயாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை, "மரம் மரமா இருக்கணும்" என்றார். சில முறை பிடித்ததும் கரி தானாகவே படியும், அதன் கனம் ஒரு மில்லியைத் தாண்டாமல் சுரண்டி வைத்தால் போதும். அதுவரைக்கும்தான் இந்தப் பூச்சு என்று சொன்னதும் சம்மதித்தார்.

புகையிலை போடாமல் வெறும் பைப்பை இழுத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. மறுபடி இழுத்தார். "காத்து வர்றதே தெரியலியே" என்றார். அதுதான் வேண்டும் என்றேன். முதல் சில முறை கிண்ணத்தில் பாதிதான் நிரப்ப வேண்டும், அடிப்பகுதியிலும் கரி படிய அதுதான் வழி. அவர் பாதி நிரப்பி, ஒருமுறை பற்றவைத்து, எழும்பின மேல்புகையிலையை அமுக்கி, மறுபடி பற்றவைத்தார். வாசலில் உட்கார்ந்து நிதானமாகப் பிடித்து முடித்து, ஆறட்டும் என்று கீழே வைத்தார். நான் சொல்லாமலே குழலைக் கழற்றாமல் வைத்தார்.

ஆறினதும் தட்டினோம். அடிவரை சாம்பல், வெளிறின சாம்பல் நிறத்தில் பொடியாக விழுந்தது. பைப் கிளீனரை விட்டு எடுத்தால் நுனியில் லேசான பழுப்பு, அவ்வளவுதான்.

"ஒண்ணு சொல்லட்டுமா தம்பி? உதட்டுல மேடு கொஞ்சம் தடிப்பா இருக்கு. பல்செட் அங்க உக்கார மாட்டேங்குது."

உட்கார வைத்தே சரிசெய்தேன். குழல் நுனியில் பல்லுக்குப் பிடிப்பாக விட்டிருந்த மேட்டின் மேல்பக்கம் மட்டும் 0.4 மில்லி அரத்தால் எடுத்து, ஓரத்தை மழுக்கி, வாட்டர் பேப்பர் போட்டுக் கொடுத்தேன். கடித்துப் பார்த்துத் தலையாட்டினார். குழலை வெயிலில் வைக்க வேண்டாம், பச்சை பூத்துவிடும், துணிப்பையில் போட்டு வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். நகரி வெயிலில் எபோனைட்டுக்கு வேறு வழியில்லை.

முடிந்த பைப்பின் எடை 41 கிராம். மிச்சக் கட்டைகளில் ஒன்றில் ரேகை குறுக்காக ஓடுகிறது, அதை நேர்தண்டு பில்லியர்டாக அறுக்கக் குறித்து வைத்திருக்கிறேன். அதற்குக் கிண்ணத்தை 19 மில்லியாகக் குறைத்து, உதட்டு மேட்டை ஆரம்பத்திலேயே மெல்லியதாக எடுக்கப் போகிறேன்.